சாவியை எடுத்தாலும் ஓடுகிற பென்ஸ்

மார்ச் 3, ஊட்டி

எண்பதுகளின் பென்ஸ் 300டி, டபிள்யூ123 பாடி. சாவியை எடுத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்காரப் பெரியவர் பானெட்டைத் தூக்கி 'ஸ்டாப்' லிவரைக் கையால் அழுத்தித்தான் அணைக்கிறாராம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கரண்ட்டை வெட்டி அதை நிறுத்த முடியாது, டீசலைத்தான் வெட்ட வேண்டும். இந்த வண்டியில் அதைச் செய்வது வேக்குவம், அதாவது இன்ஜினோடு ஓடும் வேக்குவம் பம்ப் காற்றை இழுத்து உண்டாக்கும் உறிஞ்சல். சாவியைத் திருப்பியதும் இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள சின்ன டயஃப்ரம் இழுபட்டு டீசல் நிற்கும்.

ஏற்கெனவே ஒருவர் வேக்குவம் கேஜ் போட்டு, "21 இன்ச்தான் காட்டுது, வேக்குவம் பம்ப் அவுட்" என்று சொல்லிவிட்டார். நான் போட்டாலும் அதே 21தான். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 30 இன்ச் (பாதரச அளவில்) இருக்கும் காற்றழுத்தம் இங்கே 23க்குப் பக்கம். வேக்குவம் அதைத் தாண்ட முடியாது, புது பம்ப் மாட்டினாலும் 25 வராது!

பம்ப் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். ஆயில் பிசுக்கு இல்லை. பம்ப் டயஃப்ரம் கிழிந்திருந்தால் கையில் ஒட்டியிருக்கும்.

மார்ச் 4

இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்து மிதித்து, அதே வேக்குவத்தால் பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டரைக் காலி பண்ணி, மிதித்த கால் எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். பெடல் இறங்கியது. பிரேக்குக்குப் போகும் வேக்குவம் லைன் சரி. அப்படியென்றால் கசிவு மெல்லிய டியூப்களில் எங்கோ.

"ஐயா, கதவு லாக்கெல்லாம் எப்படி?"

"இன்ஜின் கோளாறுக்குக் கதவைக் கேக்குறியேப்பா! பின்கதவு பட்டன் ஒண்ணு மெதுவாத்தான் தூக்கும், வருஷக்கணக்கா அப்படித்தான்."

இதில் சென்ட்ரல் லாக்கும் வேக்குவத்தில்தான் ஓடுகிறது. லாக் போட்டு சாவியைத் திருப்பினால் இன்ஜின் டக்கென நிற்கிறது. லாக்கை எடுத்துவிட்டுத் திருப்பினால் நிற்க மறுக்கிறது. பூட்ட ஒரு டியூப், திறக்க ஒரு டியூப். ஓட்டை திறக்கிற பக்கம். லாக்குக்குப் போகும் டியூபைக் கழற்றி வாயை அடைத்தேன். அதன்பின் சாவிக்கு ஒழுங்காக நின்றது. நல்லவேளை, மேனுவல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் விழும் விதத்திலும் இந்தக் கசிவு விளையாடியிருக்கும்.

மார்ச் 6

நேற்று மழை, கதவைப் பிரிக்கவில்லை.

இன்று ஹேண்ட் பம்பால் ஒவ்வொரு கதவாக வேக்குவம் இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் கேஜ் முள் அசையாமல் நின்றது. இடது பின்கதவில் கையை எடுத்ததும் சரசரவென இறங்கிவிட்டது. டிரிம்மைக் கழற்றி, பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கி டார்ச் அடித்தால், லாக் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் பூட் சுற்றிலும் வெடித்திருக்கிறது. நாற்பது வயது ரப்பர், வேறென்ன.

அந்தக் கதவின் இரண்டு டியூப்களையும் அடைத்துவிட்டேன். ஸ்பேர் வரும்வரை அதை மட்டும் கையால் பூட்டச் சொல்லியிருக்கிறேன். பம்புக்கு எடுத்து வைத்த பணத்தில் விறைத்துப்போன பிரேக் பூஸ்டர் ஹோஸை மாற்றலாமா என்று கேட்டேன். "போட்ரு" என்றார்.