சண்டைக்கு நடுவே தரையைக் கொத்தும் சேவல்

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, மருந்துக்கடை பில்லை நான்காக மடித்தார், பிரித்தார், மடிப்பை நகத்தால் நீவினார், மறுபடி மடித்தார். ஒன்றரை மணி நேரமும் இதேதான். "அக்கா உள்ள கிடக்கா, அத்தானுக்கு பில்லு கணக்குதான் பெரிசாப் போச்சு" என்று சித்தி சொல்லியேவிட்டார். அப்பா நிமிரவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

கோழி வளர்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு சேவல் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டி நிற்கும், திடீரென்று தலையைக் குனிந்து தரையைக் கொத்தும், அங்கே ஒரு மணி தீனிகூட இருக்காது. பசியில்லை அது. பாய்வதா ஓடுவதா என்று இரண்டும் ஒரே வேகத்தில் இழுக்க, எதுவும் ஜெயிக்காமல், சம்பந்தமே இல்லாத மூன்றாவது வேலை ஒன்று வெளியே வந்துவிடுகிறது. 1940இல் நெதர்லாந்தைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் நிகோ டின்பெர்கனும் (1973 நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்) அட்ரியன் கோர்ட்லாண்டும் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள். டிஸ்ப்ளேஸ்மென்ட் என்பது ஆங்கிலப் பெயர், நான் இடமாறிய செயல் என்று வைத்துக்கொள்கிறேன். டின்பெர்கன் பார்த்தது ஸ்டிக்கில்பேக் என்ற பொடி மீனை. தன் எல்லையில் இன்னொரு ஆண் மீன் எதிரே வந்து நின்றால், அது தலைகீழாக நின்று, கூடு கட்டக் குழி பறிப்பதுபோல மணலைக் கிளறும்.

எங்கள் வீட்டு நாய் ஊசி போடும் இடத்துக்குப் போனாலே கொட்டாவி விடும், தூக்கமெல்லாம் கிடையாது.

அப்பாவை நினைத்தால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது குரங்குகள். மகாக் குரங்குக்குப் பக்கத்தில் கூட்டத்தில் தன்னைவிட அந்தஸ்தில் பெரிய குரங்கு வந்து உட்கார்ந்தால் அது உடம்பைச் சொறிய ஆரம்பிக்கும், அரிப்பே இல்லாமல். பதற்றத்தைக் குறைக்கும் லோராசெபாம் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது சொறிவது குறைந்தது. அதாவது கை செய்கிற அந்த அற்ப வேலைதான் உள்ளே இருக்கும் பயத்தின் அளவு. அழாமல், புலம்பாமல், ஒரு காகிதத்தோடு மல்லாடிக்கொண்டிருக்கிற மனுஷனைப் பார்த்து அக்கறையில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் கை நின்றது. அப்புறம் இன்ஷூரன்ஸுக்காக பில்லைக் கேட்டேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நான்கு துண்டாக இருந்தது, செல்லோடேப் ஒட்டித்தான் கொடுத்தேன்.