வெர்ன் வாங்குமுன் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள்

பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் சப்பென்று இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், எந்த மொழிபெயர்ப்பைப் படித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. மலிவு விலையில் கிடைக்கும் ஆங்கில வெர்ன்களில் பல, 1870களில் இங்கிலாந்தில் வெளிவந்த மொழிபெயர்ப்புகளின் மறு அச்சு. காப்புரிமை தீர்ந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மொழிபெயர்த்தவர் பெயரே இல்லாத பிரதி என்றால் சந்தேகப்படுங்கள்.

சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பூமியின் மையத்துக்குப் போகும் கதையில் (பிரெஞ்சில் 1864) முதல் வரியைப் பாருங்கள். 1863 மே 24, ஞாயிற்றுக்கிழமை, பேராசிரியர் லிடன்பிராக் ஹாம்பர்க்கில் தன் வீட்டுக்கு அரக்கப் பரக்க வருகிறார். இதுதான் வெர்ன். பேராசிரியர் பெயர் ஹார்ட்விக் என்றும் மருமகன் ஆக்சலின் பெயர் ஹாரி என்றும் இருந்தால், அது 1871 மொழிபெயர்ப்பு. பெயர் மாற்றம்கூடப் பரவாயில்லை, வெர்ன் எழுதாததை எல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள். இலவச மின்னூல் தளமான குட்டன்பர்க்கில் 18857 என்ற எண்ணில் இருப்பது அதுவே. இலவசமாகத்தான் வேண்டுமென்றால் 3748 எவ்வளவோ மேல்.

அடுத்தது நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் கதையான 'கடலுக்கடியில் 20,000 லீக்'. இந்த நாட்டிலஸ் நாவலுக்கு இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கதை சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் அமெரிக்காவின் நெப்ராஸ்கா 'பேட்லேண்ட்ஸ்' பகுதியிலிருந்து திரும்பியிருக்கிறார். 'பேட்லேண்ட்ஸ்' என்பது மண் அரித்துப்போன கரட்டு நிலத்துக்கு வழங்கும் பெயர். லூயிஸ் மெர்சியர் என்ற பாதிரியார் அது தெரியாமல் 'டிஸ்அக்ரீயபிள் டெரிட்டரி' (பிடிக்காத பிரதேசம்) என்று மொழிபெயர்த்துவைத்தார். அந்தச் சொல் கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடலாம், மூலத்தில் கிட்டத்தட்ட கால்வாசி அதில் கிடையாது. எஃப். பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு குட்டன்பர்க்கில் 2488, மெர்சியருடையது 164. அச்சுப் பிரதிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட வில்லியம் புட்சரின் பதிப்பு, குறிப்புகளோடு. (தலைப்பில் உள்ள 20,000 லீக் ஆழம் அல்ல, பயண தூரம். லீகுக்கு 4 கிலோமீட்டர் என்றால் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு சுற்று.)

மன்னார் முத்துக்குளிப்புக் காட்சி மெர்சியரிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சுறாவிடமிருந்து ஓர் ஏழை முத்துக்குளிப்பவனைக் காப்பாற்றி, அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டு, ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன் இவன், நானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டவன்தான் என்கிறார் நாட்டிலஸின் கேப்டன் நெமோ. யார் இந்த ஆள் என்பதற்கு அந்த நாவலில் பதில் இல்லை. முதலில் வெர்ன் அவரை ரஷ்யர்கள்மீது வஞ்சம் வைத்த போலந்துக்காரராக நினைத்திருந்தார். பதிப்பாளர் ஹெட்ஸல் ஒத்துக்கொள்ளவில்லை.

பதில் வருவது வெர்னின் இன்னொரு நாவலான மர்மத் தீவில் (1874-75), மூன்றாம் பாகம், 16ஆம் அத்தியாயத்தில். நெமோ பண்டேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர். 1857 எழுச்சிக்கு அவரே உயிர்நாடி என்கிறார் வெர்ன். ஆனால் கிங்ஸ்டன் பெயரில் வந்த 1875 ஆங்கிலப் பிரதியில் இந்த இடம் தலைகீழாகிவிட்டது: அராஜகத்திலிருந்து தங்களை மீட்டு அமைதி தந்த ஆங்கிலேயர்களை எதிர்த்து, அறியாமையாலும் மூடநம்பிக்கையாலும் இந்தியர்கள் கிளம்பினார்களாம்! நெமோவின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதே அதன்பின் விளங்காது. இதைக் கண்டுபிடிக்க 16ஆம் அத்தியாயம்வரை காத்திருக்க வேண்டாம். கதையில் வரும் பொறியாளர் பெயர் சைரஸ் ஸ்மித் என்றில்லாமல் சைரஸ் ஹார்டிங் என்றிருந்தால் அது கிங்ஸ்டன்தான். குட்டன்பர்க் 1268உம் அதுவே. இந்த ஒரு நாவலுக்குக் காசு செலவழிக்கலாம்: 2001இல் வந்த சிட்னி க்ராவிட்ஸ் அல்லது ஜோர்டன் ஸ்டம்ப் மொழிபெயர்ப்பு.

படிக்கும் வரிசை: கேப்டன் கிராண்டின் பிள்ளைகள், நாட்டிலஸ், மர்மத் தீவு. கிராண்ட் கதையில் வரும் ஆயர்டன் மர்மத் தீவில் மறுபடி தலைகாட்டுகிறான், முன்கதை தெரியாவிட்டால் அவன் மனமாற்றம் உறைக்காது. ஆண்டுகளை மட்டும் கூட்டிக் கழித்துப் பார்க்காதீர்கள். அரோனாக்ஸ் நாட்டிலஸில் ஏறியது 1867இல். மர்மத் தீவுக்காரர்கள் 1865இல் கரை ஒதுங்கி, 1868இல் நெமோவைச் சந்திக்கும்போது அந்தப் பயணம் 16 வருடப் பழங்கதையாகிவிடுகிறது. கணக்கை உதைக்க விட்டது வெர்னே, மொழிபெயர்ப்பாளர்மேல் பழி போட வேண்டாம்.