புதிய தீயணைப்பு வண்டிக்கு நகரமன்றத்தில் ஒப்புதல் வாங்கிய அனுபவம்

எங்கள் தீயணைப்பு நிலையத்திலிருந்து அழைப்புக்கு முதலில் புறப்படும் வண்டியை மாற்றக் கோரும் தீர்மானம் நகரமன்றத்துக்குப் போனபோது, விளக்கம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பம்ப் இயக்குவதும் பராமரிப்புப் பதிவேடு எழுதுவதும் என் வேலை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வியே கிலோமீட்டரைப் பற்றித்தான். “வண்டி அதிகம் ஓடவே இல்லையே, பார்க்கவும் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். மக்கள் பணத்துக்குப் பொறுப்பானவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தீயணைப்பு வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று தேய்வதே அதிகம். தீ எரியும் இடத்தில் சக்கரம் அசையாது; என்ஜின் மட்டும் மணிக்கணக்கில் பம்பைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது சுமார் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம் என்பது பராமரிப்பில் புழங்கும் தோராயக் கணக்கு. அவர் கேட்டதும் என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டரின் பதிவுகளை எடுத்து வைத்தேன். அதன் பிறகு கிலோமீட்டர் பேச்சே எழவில்லை.

அடுத்து பம்ப் சோதனை. ஆண்டுதோறும் செய்யும் அந்தச் சோதனையில் 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தத்தில் பம்பின் முழுத் திறனையும் 20 நிமிடம் தர வேண்டும். அழுத்தம் 200 பிஎஸ்ஐ ஆகும்போது முழுத் திறனில் 70 சதவீதம், 250 ஆகும்போது பாதி, இவை தலா 10 நிமிடம். எங்கள் வண்டி முதல் கட்டத்தைத் திணறித் தாண்டியது. இரண்டாவது கட்டத்தில் மீட்டர் முள் 200-ஐத் தொடுவதும் இறங்குவதுமாக ஆடியது. பம்ப் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங்கில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய தண்ணீர் கோடாக ஒழுகியது. இதைக் கைபேசியில் படம் பிடித்து மன்றத்தில் போட்டுக் காட்டினோம். குழாய் முனையைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தவருக்கு அந்த முள் இறங்கினால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது; உள்ளே போகிறவர்கள் என்னோடு சாப்பிடுகிறவர்கள்.

பம்பை மட்டும் மாற்றலாமே என்ற யோசனையும் வந்தது. சில வண்டிகளுக்கு அது சரியான வழிதான். எங்கள் வண்டியிலோ சேசிஸ் எனும் அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தது, பல உதிரிபாகங்களின் தயாரிப்பே நின்றுவிட்டது. தீப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் என்எஃப்பிஏ அமைப்பின் வழிகாட்டுதலையும் சொன்னோம்: 15 ஆண்டு கடந்த வண்டி, நல்ல நிலையில் இருந்தாலும், தேவைப்பட்டால் மட்டும் எடுக்கும் கையிருப்பு வண்டியாக ஒதுக்கப்பட வேண்டும், 25 ஆண்டானால் சேவையிலிருந்தே விலக்க வேண்டும்.

விவாதம் நீண்டது “அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்” என்ற இடத்தில்தான். புதிய வண்டி கடையில் நிற்பதில்லை, ஆர்டருக்குப் பிறகுதான் கட்டத் தொடங்குவார்கள். அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் கைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்று தள்ளிப்போட்டால் ஓராண்டு அல்ல, அந்தக் காத்திருப்பும் சேர்ந்து பழைய வண்டியின் தலையில் விழும். இதைக் காலண்டர் போட்டுக் காட்டினோம். தயாரிப்பாளர்கள் காட்டுவதற்காக முன்பே கட்டி வைத்த வண்டி கிடைக்குமா என்றும் விசாரித்துச் சொல்லச் சொன்னார்கள். நல்ல யோசனை, விசாரித்தோம், ஆனால் அது எங்கள் நிலையத்தின் கதவு உயரத்துக்குப் பொருந்தவில்லை.

கடைசியில் பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு நிபந்தனைகள்: பழைய வண்டியை விற்காமல், பேக்கிங் மாற்றி, புதியது வரும்வரை ஓட்ட வேண்டும், பம்ப் சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் மன்றத்தில் வைக்க வேண்டும். இரண்டாவதை நாங்களே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு நல்ல நிபந்தனை. இப்போது வண்டியின் விவரக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். குறுகிய தெருக்களில் திரும்பும் வட்டம் எவ்வளவு, ஹோஸ் அடுக்கும் தட்டு தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதையெல்லாம் ஓட்டுநர்களை நிற்க வைத்து அளந்து எழுதுகிறோம்.