அப்பாவின் பத்மினிக்குப் பெட்ரோல் ஏறியது

எட்டு மாதமாகக் காட்பாடி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காருக்கு நேற்று பெட்ரோல் குழாய்களை மாற்றி முடித்தேன். டாங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், சின்ன வேலைதான்.

பழைய ரப்பர் குழாயை லேசாக வளைத்தேன், முறுக்கு போல உடைந்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள், நண்பர்களே. விலை குறைவு என்று தண்ணீர்க் குழாயைச் சொருகிவிடாதீர்கள்; கசிந்தால் தீப்பிடிக்கும்.

நான் அதிக நேரம் செலவிட்டது குழாயின் பாதைக்குத்தான். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயில் இது! சூடான எக்ஸாஸ்ட் புகைக்குழாயை ஒட்டிக் குழாய் போனால், பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது, வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். கோடையில் அப்பா பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான் என்று இப்போதுதான் புரிகிறது.

கிளிப்பை அளவாக முறுக்கினேன். மிஞ்சினால் ரப்பரை அறுத்துவிடும். பில்டரின் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்திருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும், காலியாக இருந்த மிதவைக் கிண்ணம் நிறையக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான்காவது முறை என்ஜின் உயிர்பெற்றது. எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை. சத்தம் கேட்டு அம்மா மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.