அண்ணையிலிருந்து இஞ்சாருங்கோ வரை

எங்கள் சின்னம்மா இரண்டாம் கலியாணம் கட்டியது 2016இல். ஊரில் அதைப் பற்றிக் கதைக்காத வாய் இல்லை, அதில் பாதி எங்கள் வீட்டு வாய்தான்.

2009 பங்குனியில், கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் செல் விழுந்து சித்தப்பா செத்துப்போனார். அவரைப் பங்கருக்குள்ளேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார் சின்னம்மா. பிறகு வவுனியாவில் மெனிக் பாம் அகதி முகாம். அடுத்த வருசம் கிளிநொச்சிக்குத் திரும்பினால் தறப்பாள் கொட்டிலும், பற்றை மண்டிய இரண்டு ஏக்கர் வயலும்தான்.

பக்கத்து வயல்காரரின் மனைவி, கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் செல் விழுந்து போனவர்.

சிறுபோகத்தில், அதாவது கோடை விதைப்பில், இரணைமடுக் குளத்தில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் பங்கு பிரிப்பார்கள், வாய்க்கால் தண்ணீரும் முறை வைத்துத்தான் வரும். சின்னம்மாவின் முறை ஒருநாள் நடுச்சாமத்தில் வந்தது. விடியப் போய்ப் பார்த்தால், நண்டு துளைத்து உடைந்திருந்த வரம்பை யாரோ சேறு அப்பிக் கட்டியிருந்தார்கள். "ஆரைக் கேட்டு அண்ணை என்ர வரம்பில கை வைச்சனீங்கள்?" என்று சண்டைக்கே போய்விட்டார். "தண்ணி என்ர வயலுக்கெல்லோ வருது" என்றாராம் அவர். பச்சைப் பொய். அவருடைய வயல் மேட்டில் இருக்கிறது.

ஐந்து வருசம் அண்ணை என்று கூப்பிட்டவரைக் கட்டின பிறகு என்னவென்று கூப்பிடுவது? பதிவு முடிந்து ஒரு மாதம் சட்டியைத் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிட்டார் சின்னம்மா. அப்புறம் எப்போதோ 'இஞ்சாருங்கோ' வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அவர் மாமாதான், எங்களுக்கும் அப்படியே.

சொல்லவே கூசுகிறது, ஆனால் புருசனைத் தன் கையால் மூடினபடியால்தான் சாட்சி வைத்து மரணச் சான்றிதழ் எடுக்க முடிந்தது, கலியாணத்தைப் பதியவும் முடிந்தது. வட்டுவாகலில் தங்கட ஆக்களை ஆமியிடம் உயிரோடு கையளித்துவிட்டு, அவர்கள் எங்கே என்று கேட்டு 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் படங்களோடு குந்தின பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் போய் 'இன்னொரு வாழ்க்கை' என்று எந்த வாயால் சொல்வது?

மாமா இருக்கும் வீட்டில் கஞ்சி காய்ச்சுவதில்லை. காய்ச்சல் வந்தால்கூடப் பாண்தான். மே மாதம், யுத்தத்தின் கடைசியில் செத்தவர்களை நினைத்துக் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சிக்கு அந்த வயல் அரிசி அரை மூடை கோயிலுக்குப் போகும். மாமாதான் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் இறக்குவார், அடுப்பு மூட்ட முன்னமே திரும்பிவிடுவார். சின்னம்மா ஒன்றும் கேட்பதில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார்.