ஐபிஎஸ் ட்யூனிங் எனக்குப் புரிஞ்சது நோட்ஸ்ல இல்ல, லேப்ல

சிஸ்கோவோட ஃபயர்பவர் ஃபயர்வால் பத்தின 300-710 எக்ஸாமுக்கு படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். ஐபிஎஸ்னா நெட்வொர்க்ல வர்ற தாக்குதலக் கண்டுபிடிச்சு தடுக்கிற சிஸ்டம். நான் மொதல்ல பாலன்ஸ்டு, கனெக்டிவிட்டி ஓவர் செக்யூரிட்டி, மேக்சிமம் டிடெக்ஷன்னு ஐபிஎஸ் பாலிசி பேரெல்லாம் நோட்டுல எழுதி வச்சு ஒப்பிச்சுட்டு இருந்தேன், ஆனா இதுல ஒண்ணு ஏன் ஃபயர்வால் பாக்ஸ ஸ்லோ ஆக்குது இன்னொண்ணு ஏன் ஆக்கலன்னு கேட்டா வாயே திறக்க முடியாது.

வீட்டுல சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்டு சூரிகாட்டாங்கிற ஐபிஎஸ் சாஃப்ட்வேர இன்லைன்ல, அதாவது டிராஃபிக் அது வழியாவே போற மாதிரி, ஓட்டினப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு. அது ஓப்பன் சோர்ஸ், ரூல் எழுதுற விதமும் கிட்டத்தட்ட சிஸ்கோ ஃபயர்வாலுக்குள்ள இருக்கிற ஸ்னார்ட் இன்ஜின் மாதிரியேதான், அதனால செஞ்ச வேலை வீணாகாது.

மொத நாளே பிரச்சனை. பிங் போகுது, வெப் பேஜ் மட்டும் பாதியில நிக்குது. ஏதோ ரூல்தான் பிளாக் பண்ணுதுன்னு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்ததுலயே ஒரு ராத்திரி போச்சு, லாக்ல "மெசேஜ் டூ லாங்"னு எரர் வரிசையா வந்துட்டு இருந்தத நான் கவனிக்கவே இல்ல. கார்டுல ஜிஆர்ஓங்கிற செட்டிங் ஆன்ல இருந்தா சின்ன சின்ன பாக்கெட்ட சேர்த்து ஒரே பெரிய பாக்கெட்டா மேல குடுக்கும், அது 1500 பைட் எம்டியூவ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ, தாண்டிடும், அந்தப் பக்கம் அனுப்ப முடியாம விழுந்துடும். ஈத்டூல்ங்கிற கமாண்ட்ல ஜிஆர்ஓ, அதே மாதிரி வேலை செய்ற எல்ஆர்ஓ ரெண்டையும் ஆஃப் பண்ணேன், பேஜ் உடனே வந்துடுச்சு.

அப்புறம் ஸ்டாட்ஸ் லாக்ல கெர்னல் டிராப்ஸ்னு ஒரு கவுண்டர் இருக்கும், சூரிகாட்டா எடுக்க முடியாம விழுந்த பாக்கெட்ட எண்ணுறது, அத பாக்காம எதையும் மாத்தாதீங்க. எல்லா ரூலையும் போட்டு ஒரு பெரிய ஐஎஸ்ஓ டவுன்லோட் விட்டேன், அந்த கவுண்டர் கிடுகிடுன்னு ஏறுது, இந்தப் பக்கம் சிபியு லோட காட்டுற ஹெச்டாப்ல பாத்தா நாலு கோர்ல ஒண்ணு மட்டும் 100 சதவீதம், மத்த மூணும் சும்மா இருக்கு. ஒரு ஃப்ளோ, அதாவது ஒரு கனெக்ஷனோட டிராஃபிக், ஒரே த்ரெட்டுக்குத்தான் போகும், அதனால கோர் எத்தன இருந்தாலும் அந்த ஒரு டவுன்லோடுக்கு உதவாது. ஒரு கனெக்ஷன்ல எவ்வளவு தூரம் சேர்த்துப் பாக்கணும்ங்கிற ஸ்ட்ரீம் டெப்த் 1 எம்பிதான் டிஃபால்ட், அதுக்கு மேல வர்றத பைபாஸ் பண்ண விட்டதும் கவுண்டர் அப்படியே நின்னுடுச்சு.

சிஸ்கோ ஃபயர்வால்ல மொதல்ல வர்ற ப்ரீஃபில்டர் பாலிசியில ஃபாஸ்ட்பாத் எதுக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. பேக்கப் மாதிரி நம்பகமான பெரிய ஃப்ளோவ ஸ்னார்ட் கிட்டயே கொண்டு போகாம முன்னாடியே கடத்தி விட்டுடும். டிரஸ்ட் ரூல் அப்படி இல்ல, அது ப்ரீஃபில்டருக்கு அப்புறம் வர்ற ஆக்சஸ் கண்ட்ரோல் பாலிசியில உட்கார்ந்திருக்கு. இந்த வித்தியாசத்த நல்லா மனசுல ஏத்திக்கோங்க.

ரூல குறைக்கிறதும் அதே கதைதான். நம்ம நெட்வொர்க்ல ஆரக்கிள் சர்வரே இல்லன்னா அதுக்கான ரூல் எதுக்கு? ஹோம் நெட்ட, அதாவது நம்ம உள் நெட்வொர்க் அட்ரஸ, சரியா போட்டுட்டு இல்லாத சர்வீஸ் ரூலெல்லாம் எடுத்துடுங்க. சிஸ்கோவோட ஃபயர்பவர் ரெக்கமெண்டேஷன்ஸ்ங்கிற வசதி பண்றதும் இததான், அது கண்டுபிடிச்ச ஹோஸ்ட்ட வச்சு ரூல ஆன் ஆஃப் பண்ண சொல்லும்.

எக்ஸாம் 90 நிமிஷம்தான். ஸ்லோவா இருக்குன்னு ஒரு சினாரியோ வந்தா, எல்லா டிராஃபிக்கும் ஸ்லோவா இல்ல ஒரே ஃப்ளோ மட்டும் ஸ்லோவான்னு மொதல்ல பாருங்க, அதுக்கப்புறம் ஆப்ஷன படிங்க.