ரெண்டாயிரம் ஏறிடுச்சா?

"தம்பி, இந்த மெசேஜ் என்னன்னு பாரு."

டீக்கடையில் பெரியப்பா போனை நீட்டினார். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை, 2,000 ரூபாய் வரவு.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் தன் போனை எடுக்கவே இல்லை. நகக்கண்ணில் நாற்றங்கால் சேறு காயாமல் இருந்தது. குத்தகை சாகுபடி. பட்டா, சென்னையில் இருக்கும் ஒருவர் பேரில்.

இந்தத் திட்டம் யார் நடவு நட்டார் என்று கேட்பதில்லை, நிலம் யார் பேரில் என்றுதான் கேட்கும். வருடத்துக்கு 6,000, மூன்று தவணை. முதலில் 5 ஏக்கர் வரைதான் என்றார்கள். 2019 ஜூனில் அந்த வரம்பையும் எடுத்தாயிற்று. நிலம் எவ்வளவு இருந்தாலும் சரி, பேரில் இருக்க வேண்டும். (வருமான வரி கட்டுபவர்களுக்குக் கிடையாது. அதுவரை நியாயம்.)

2020இல் தமிழ்நாட்டில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானோர் பட்டியலில் புகுந்து பணம் வாங்கியது வேறு கதை. வயலில் நிற்பவருக்குத்தான் வழியில்லை.

"குத்தகையைப் பதிவு பண்ண 1969லேயே சட்டம் இருக்கே, பெரியப்பா. அதை வச்சுக் கொடுக்கலாமே?"

"பேர் ஏத்துனா நிலம் கைவிட்டுப் போயிடும்னு பயப்படுவான். எந்த நிலக்காரன்டா கையெழுத்துப் போடுவான்?"